போன் நெட்டில் லேப்டாப்: ரயிலில் மீட்டிங் அறுகிறது, டேட்டாவும் மதியத்துக்குள் காலி

#1 பொருநைக்கரை

வணக்கம் மக்களே. வீடு தென்காசிப் பக்கம், வேலை வீட்டிலிருந்தே. மாதாமாதம் சென்னை ஆபீஸில் தலைகாட்ட வேண்டியிருக்கிறது. நெல்லையில் காலை ஆறு மணி வாக்கில் வந்தே பாரத் ஏறினால் மதியம் இரண்டு மணிக்குள் எழும்பூர். அந்த எட்டு மணி நேரத்துக்கு லீவு தர மாட்டார்கள், ரயிலிலும் வேலை பார்த்தாக வேண்டும்.

விண்டோஸ் 11 லேப்டாப், இரண்டு சிம் போட்ட ஆண்ட்ராய்டு 5ஜி போன். டேட்டா சிம்மில் நாளுக்கு 2 ஜிபி பேக். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை வைஃபையில் இணைக்கிறேன். தொல்லை மூன்று:

சிக்னல் முழுசாகக் காட்டும்போதே மீட்டிங் சட்டென்று அறுந்துவிடுகிறது. அரை நிமிடமோ இரண்டு நிமிடமோ கழித்துத் தானாக வருகிறது. அடுத்தது, திண்டுக்கல் தாண்டுவதற்குள் 2 ஜிபியும் தீர்ந்துவிட்டது என்று மெசேஜ் வருகிறது. நான் யூடியூப் எதுவும் பார்ப்பதில்லை. மூன்றாவது, போன் கையில் பிடிக்க முடியாத சூடு.

தனியாக ஒரு வைஃபை டாங்கிள் வாங்கிவிடலாமா?

#2 அரைகுறை

வாங்குங்க சார். டாங்கிள் இருந்தா போனுக்குச் சூடு இல்ல, பேட்டரி மிச்சம். நான் அதான் வச்சிருக்கேன்.

#3 மோடம்மணி

காசைச் செலவழிப்பதற்கு முன்னால் எது அறுகிறது என்று பாருங்கள். லேப்டாப்புக்கும் போனுக்கும் நடுவில் ஒரு இணைப்பு, போனுக்கும் டவருக்கும் நடுவில் ஒரு இணைப்பு. இரண்டில் எது போகிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் குருட்டடிதான். டாங்கிளுக்குள்ளும் ஒரு சிம், ஒரு மோடம், ஒரு வைஃபைதான் இருக்கிறது. டவர் பக்கம் கோளாறு என்றால் அதுவும் அதே இடத்தில்தான் படுக்கும்.

சோதிக்கும் முறை சொல்கிறேன். ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி அந்தக் கருப்பு விண்டோவை இரண்டு முறை திறந்துகொள்ளுங்கள். முதலாவதில் ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்தால் வைஃபை பகுதியில் டீஃபால்ட் கேட்வே என்று ஒரு எண் வரும். அது உங்கள் போன்தான். பழைய ஆண்ட்ராய்டுகளில் பெரும்பாலும் 192.168.43.1, புதியவற்றில் மாறிக்கொண்டிருக்கும், ஐபோனில் 172.20.10.1. அந்த எண்ணுக்கு, கடைசியில் ஹைஃபன் டி சேர்த்து, பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) கொடுங்கள். நிறுத்தச் சொல்லும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது விண்டோவில் அதேபோல் 8.8.8.8-க்குக் கொடுங்கள், அது வெளியே இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வர். இரண்டையும் திரையின் ஒரு மூலையில் ஓடவிட்டு மீட்டிங்கில் உட்காருங்கள்.

மீட்டிங் நிற்கும் நொடியில் மூலையைப் பாருங்கள். இரண்டு விண்டோவிலும் டைம்டு அவுட் (பதில் வரவில்லை) என்று வந்தால் லேப்டாப்–போன் வைஃபையில் கோளாறு. போன் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, 8.8.8.8 மட்டும் நின்றால் போனுக்கு வெளியே கோளாறு. இரண்டும் ஓடிக்கொண்டே இருந்தால் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழைய வைத்திருக்கும் விபிஎன்னையோ மீட்டிங் ஆப்பையோ சந்தேகப்படுங்கள்.

அதுவரை டாங்கிள் பேச்சு வேண்டாம்.

#4 கேபிள்காரன்

மணி அண்ணன் சொன்ன சோதனையோடு இதையும் செய்துவிடுங்கள்: வைஃபை வேண்டாம், யூஎஸ்பி கேபிளில் போங்கள். போனை லேப்டாப்பில் சொருகி, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கிற அதே பக்கத்தில் யூஎஸ்பி டெதரிங் என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்தால் போதும். விண்டோஸ் அதை ஈதர்நெட் என்று எடுத்துக்கொள்ளும். போனிலிருந்து லேப்டாப்புக்கு வரும் வழியில் காற்று என்ற பேச்சே கிடையாது. ஹாட்ஸ்பாட் ரேடியோ ஓடாததால் சூடும் கொஞ்சம் குறையும், போன் சார்ஜும் ஆகும்.

டெதரிங் பொத்தான் அழுத்த முடியாமல் மங்கலாகத் தெரிந்தால் கேபிளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பவர் பேங்க், இயர்பட்ஸோடு வருகிற குட்டிக் கேபிள்கள் பலவற்றில் சார்ஜுக்கான கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டாக் கம்பியே இருக்காது. அந்தக் கேபிளில் போனில் இருக்கும் படங்கள் லேப்டாப்பில் திறக்கிறதா பாருங்கள். திறந்தால் டெதரிங்கும் வேலை செய்யும்.

#5 வேப்பமரத்தடி

டேட்டா காணாமல் போவதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

போனில் இருக்கும்போது ஒவ்வொரு ஆப்பும் "இது மொபைல் டேட்டா, அடக்கி வாசி" என்று நடந்துகொள்ளும். லேப்டாப்புக்கு அது தெரியாது. விண்டோஸைப் பொறுத்தவரை உங்கள் ஹாட்ஸ்பாட் வீட்டு பிராட்பேண்ட் போல இன்னொரு வைஃபை, அவ்வளவுதான். அகப்பட்டதே சாக்கு என்று அப்டேட்டை இறக்கும், ஒன்டிரைவ் நேற்று மாற்றிய கோப்பையெல்லாம் மேலே ஏற்றும், கூகுள் டிரைவ் தன் பங்குக்கு. நீங்கள் மீட்டிங்கில் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள், பின்னால் கல்யாண வீட்டு வீடியோ ஏறிக்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஹாட்ஸ்பாட்டில் இணைந்திருக்கும்போது செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரின் ப்ராப்பர்டீஸ். அங்கே மீட்டர்டு கனெக்‌ஷன் (அளவுக் கட்டுப்பாடுள்ள நெட்) என்ற பொத்தானை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான அப்டேட்டுகள் நின்றுவிடும், ஒன்டிரைவும் தானே ஓய்வெடுக்கும். கூகுள் டிரைவை மட்டும் கையால் பாஸ் (இடைநிறுத்தம்) செய்துவிடுங்கள், அதை நம்ப முடியாது.

இதுவரை யார் தின்றது என்று தெரிய வேண்டுமா? அதே நெட்வொர்க் பக்கத்தில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் டேட்டா யூசேஜ் என்று இருக்கும். எந்த ஆப் எத்தனை எம்பி என்று வரிசையாகக் காட்டும். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், ஆர்வமாக இருக்கிறது.

(உபுண்டு மாதிரி லினக்ஸ்காரர்களுக்கு ஒரு சந்தோஷம். ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் முகவரி கொடுக்கும்போதே "நான் மீட்டர்டு" என்று ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்புகிறது. நெட்வொர்க் மேனேஜர் அதைப் படித்துக்கொள்ளும். விண்டோஸ் அதைக் கண்டுகொள்வதில்லை.)

#6 அரைகுறை

போன்லயே டேட்டா சேவர் போட்டுட்டா வேலை முடிஞ்சுதே? எதுக்கு இவ்வளவு சுத்து?

#7 வேப்பமரத்தடி

தம்பி, ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர் போட்டால் ஹாட்ஸ்பாட்டே வேலை செய்யாது. போட்டுப் பாருங்கள், எச்சரிக்கையே வரும்.

#8 கயல்

2 ஜிபி பேக் என்றால் 5ஜி அன்லிமிடெட் சேர்ந்து வருமே? பிறகு ஏன் தீர்ந்தது என்று மெசேஜ்?

#9 மோடம்மணி

நல்ல கேள்வி. ஜூலை 2024-ல் கட்டணம் ஏறியதிலிருந்து ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் பெரும்பாலும் நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குகளுக்குத்தான் அன்லிமிடெட் 5ஜி. ஆனால் அது போன் 5ஜியில் நிற்கும் நேரத்துக்கு மட்டும். ஊர்களுக்கு நடுவில் ரயில் போகும்போது போன் 4ஜிக்கு இறங்கும், அங்கே செலவாவதெல்லாம் அந்த 2 ஜிபியிலிருந்துதான் கழியும். லேப்டாப் கேட்டு வாங்குவதும் அதே கணக்குதான்.

கணக்குக்கு: முகம் காட்டிப் பேசும் மீட்டிங் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி வரை இழுக்கும். கேமராவை அணைத்து, மற்றவர்கள் வீடியோ வருவதையும் நிறுத்திவிட்டுக் குரல் மட்டும் என்றால் 100 எம்பிக்குள் அடங்கும். ரயிலில் கேமரா எதற்கு? பின்னால் இட்லி சாப்பிடுகிறவரை ஆபீஸ் முழுக்கப் பார்க்கவா?

தீர்ந்த பிறகு பெரும்பாலான பேக்குகளில் 64 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் 1 எம்பி இறங்க இரண்டு நிமிடம். சாட்டில் எழுத்து போகும், மீட்டிங் போகாது.

#10 ரயில்சிநேகம்

கேபிள்தான் ஒரே வழி என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ரயில் பெட்டி முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு. சிக்னல் உள்ளே வருவதே ஜன்னல் வழியாகத்தான். ஏசி பெட்டியில் வெயிலுக்காக உலோகப் பூச்சுள்ள கண்ணாடி போட்டிருந்தால் அதுவும் சிக்னலைக் குறைக்கும். நடுப்பாதை சீட்டில் மடியில் லேப்டாப், அதை ஒட்டி அரை மீட்டர் கேபிளில் போன் என்று உட்கார்ந்தால் லேப்டாப்–போன் இணைப்பு அருமையாக இருக்கும், டவர் இணைப்பு நாறிப்போகும். ஹாட்ஸ்பாட் என்றால் போனை ஜன்னலோரத்தில் சாய்த்து வைத்துவிட்டு நாம் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம்.

அடுத்து, சிக்னல் கோடு முழுசாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். கோடு சொல்வது டவர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும். அந்த டவரில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பதைச் சொல்லாது. மதுரை ஜங்ஷனில் நாலு கோடு இருக்கும், ஒரு பக்கம் திறக்காது.

வேகத்தையும் பாருங்கள். மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு 30 மீட்டர் கடக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு டவர் என்று வைத்தாலும் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை போன் டவர் மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சின்னத் தடுக்கல். அதற்கு மேல் 5ஜிக்கும் 4ஜிக்கும் தாவல் வேறு. ரயிலில் ஏறியதும் நெட்வொர்க் டைப்பை 4ஜி என்று பூட்டிவிடுவது என் பழக்கம். வேகம் குறையும், தாவல் பாதியாகும், சூடும் குறையும்.

#11 கேபிள்காரன்

> அரை மீட்டர் கேபிளில் போன்

இரண்டு மீட்டர் கேபிள் கடையில் கிடைக்கிறது அண்ணாச்சி. ஜன்னல் வரை நீளும்.

#12 ரயில்சிநேகம்

நடுவில் உட்கார்ந்திருக்கிற மாமா பாத்ரூம் போக எழுந்திருக்கும்போது அந்தக் கேபிளில் கால் மாட்டி, உங்கள் போன் முன்சீட்டுக்காரர் காபியில் விழும். அதையும் எழுதுங்கள்.

#13 மோடம்மணி

இருவரும் சொல்வது சரிதான். ஜன்னல் சீட் கிடைத்தால் கேபிள், கிடைக்காவிட்டால் ஜன்னலோரப் போனும் வைஃபையும். ஆனால் வைஃபை என்றால் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் பேண்ட் என்று 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு இருக்கும். (இந்த 5-க்கும் 5ஜி சிக்னலுக்கும் சம்பந்தமே கிடையாது.)

2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என மூன்றுதான். ஒரு பெட்டியில் பத்துப் பேர் ஹாட்ஸ்பாட் போட்டிருந்தால் எல்லோரும் இந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்ள வேண்டும். ப்ளூடூத்தும் அதே 2.4-ல்தான் ஓடுகிறது. லேப்டாப்பில் பெரும்பாலும் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே சில்லு. 2.4 ஹாட்ஸ்பாட்டில் இருந்துகொண்டு காதில் ப்ளூடூத் இயர்பட்ஸ் மாட்டினால் குரல் கரகரவென்று உடையும். பலர் இதை "நெட் ஸ்லோ" என்று நினைத்துக்கொள்கிறார்கள். வயர் ஹெட்போன் போட்டுப் பாருங்கள், நெட் திடீரென்று நல்லதாகிவிடும்.

5 சுவரை எளிதில் தாண்டாது, அதிக தூரம் போகாது. ஒரு சீட் தூரத்துக்கு அந்த வீச்சு எதற்கு? 5-ஐயே வையுங்கள். லேப்டாப் ரொம்பப் பழசு, ஹாட்ஸ்பாட் பெயரே அதில் தெரியவில்லை என்றால் மட்டும் 2.4. பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு சரி, ஆனாலும் சேர மறுக்கிறது என்றால் செக்யூரிட்டியில் டபிள்யூபிஏ3 இருக்கும், டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் மட்டும் திறந்து வைக்காதீர்கள், பெட்டியே சேர்ந்து குடிக்கும்.

#14 தேன்கூடு

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் யாராவது சொல்லுங்களேன். எனக்கு லேப்டாப்பில் ஹாட்ஸ்பாட் பெயரே பாதி நேரம் வருவதில்லை.

#15 கயல்

அக்கா, பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே லேப்டாப்பில் தேடுங்கள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டால், யாரும் இணையாதவரை ஐபோன் கொஞ்ச நேரத்தில் தன் பெயரை ஒளித்துக்கொள்ளும். அதே பக்கத்தில் மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்று ஒன்று இருக்கும். ஐபோன் 12-லிருந்து வந்தது. அதை ஆன் செய்தால் 2.4-க்கு இறங்கும், பழைய லேப்டாப்புக்கு அதுதான் மருந்து.

கேபிளில் என்றால், விண்டோஸ் லேப்டாப்பில் ஆப்பிளின் டிரைவர் வேண்டும். ஐடியூன்ஸோ ஆப்பிள் டிவைசஸ் ஆப்போ போட்டால் சேர்ந்து வந்துவிடும். இதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். ரயிலில் ஏறி, நெட் வேண்டி நெட்டில் டிரைவர் தேடுவது கொடுமை.

மேக்புக்கில் ஆண்ட்ராய்டு போனைச் சொருகுகிறவர்களுக்கு வேறு சிக்கல். ஆண்ட்ராய்டுகள் காலங்காலமாக ஆர்என்டிஐஎஸ் என்ற மைக்ரோசாஃப்ட் வழியில்தான் கேபிளில் பேசும். மேக்குக்கு அது புரியாது. பிக்ஸல் 6 மாதிரி புதிய போன்கள் என்சிஎம் என்ற பொதுவழிக்கு மாறிவிட்டன, அவை சொருகியதும் வேலை செய்யும். மற்றவர்கள் மேக்கில் வைஃபையே வைத்துக்கொள்ளலாம்.

#16 யாழ்வாசி

நாங்கள் இலங்கையில 2022-ல இதோடதான் சீவிச்சம். மார்ச் கடைசியில நாளுக்குப் 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. வீட்டு ரூட்டர் செத்துப் போகும், போன்தான் கதி. ஒண்டைக் கவனிச்சன்: கரண்ட் போன உடன சிக்னல் நல்லாத்தான் இருக்கும், கனநேரம் போகப் போக டவர் பேட்டரியும் இறங்கி நெட் விழுந்திடும். அதால முக்கியமான கோப்பு அனுப்பிற வேலை எல்லாத்தையும் கரண்ட் போன முதல் மணித்தியாலத்திலயே முடிச்சிடுவன்.

லேப்டாப் பேட்டரியையும் யோசியுங்கோ. கேபிள் போட்டால் போன் லேப்டாப்பில இருந்து உறிஞ்சும். கரண்ட் இல்லாத இடத்தில அது நட்டம். போனைப் பவர் பேங்கில போட்டு வைஃபையில எடுக்கிறது எனக்குச் சரிவந்தது.

#17 கேபிள்காரன்

இது நான் யோசிக்காத கோணம். வந்தே பாரத்தில் சீட்டுக்குச் சீட் பிளக் உண்டு, அதனால் இவருக்குக் கவலையில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் யாழ்வாசி சொன்னபடி செய்யலாம்.

#18 அரைகுறை

ஒரு டவுட். லேப்டாப்புக்கு நெட் கொடுக்கிறோம்னு கம்பெனிக்காரனுக்குத் தெரியுமா? தனியா காசு போடுவானா?

#19 மோடம்மணி

தெரிந்துகொள்ள வழி உண்டு. இணையத்தில் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும், வழியில் ஒவ்வொரு கருவியைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். போன் தானே அனுப்பினால் 64-ல் தொடங்கும், விண்டோஸ் 128-ல். லேப்டாப் அனுப்பியது போனைத் தாண்டியதும் 127 ஆகிவிடும். டவர் பக்கத்தில் இருப்பவருக்கு 127 தெரிந்தால் பின்னால் ஒரு கணினி இருக்கிறது என்று புரிந்துவிடும்.

அமெரிக்காவில் டெதரிங்குக்கு மாதாமாதம் தனிக் காசு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. காசு கட்டாமல் டெதரிங் செய்ய உதவிய ஆப்களை ஆண்ட்ராய்டு சந்தையிலிருந்து மறைக்கச் சொன்ன விவகாரத்தில் வெரைசன் என்ற மொபைல் கம்பெனி 2012-ல் 12.5 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. நம் ஊரில் சாதாரண மொபைல் பேக்குகளில் ஹாட்ஸ்பாட்டுக்கென்று பொதுவாகத் தனிக் கட்டணம் இல்லை, உங்கள் டேட்டாவிலிருந்து கழியும், அவ்வளவே.

#20 அரைகுறை

அப்போ அந்த 127-ஐ 65 ஆக்கிட்டா? அவனுக்கு 64-தானே தெரியும்?

#21 நெறியாளர்

டிடிஎல் மாற்றும் வழி கேட்டு வந்த பதிவுகள் தனி இழைக்கு நகர்த்தப்பட்டன. இங்கே கேள்வி கேட்டவரின் சிக்கலைப் பேசுவோம்.

#22 பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்றுதான் சென்னை வந்தேன், வழியெல்லாம் இரண்டு கருப்பு விண்டோவும் ஓடியது. ஜன்னல் சீட் கிடைத்ததால் கேபிள் போட்டேன்.

போனுக்கான பிங் பயணம் முழுக்க 1 மில்லிசெகண்ட், சில நேரம் 2. ஒருமுறைகூட நிற்கவில்லை. 8.8.8.8 நெல்லையில் 50, 60 என்று இருந்தது. கோவில்பட்டி, சாத்தூர் நடுவில் 300, 800 என்று ஆடியது. இதெல்லாம் ரயில்சிநேகம் சொன்ன டவர் மாற்றம் என்று புரிகிறது, மீட்டிங் அதில் அறுந்துபோகவில்லை, குரல் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான்.

ஆனால் மதுரை தாண்டி, சிக்னல் நன்றாக இருக்கும்போதே, 8.8.8.8 வரிசையாக டைம்டு அவுட். சரியாக அந்த நேரம் அம்மா போனில் வந்தார். மீட்டிங் அறுந்துதான் போயிற்றே என்று எடுத்துப் பேசினேன். பேசி வைத்ததும் நெட் வந்தது. திருச்சி தாண்டி மறுபடி அம்மா, மறுபடி டைம்டு அவுட். அம்மாவுக்கும் என் நெட்டுக்கும் என்ன பகை?

டேட்டா யூசேஜும் பார்த்தேன். ஒன்டிரைவ்தான் முதலிடம், மீட்டிங் ஆப் இரண்டாமிடம். மீட்டர்டு போட்டபின் எழும்பூர் வரும்போது அரை ஜிபிக்கு மேல் மிச்சம்.

#23 கயல்

அம்மா எந்த சிம்முக்குக் கூப்பிடுகிறார்? டேட்டா சிம்முக்கா, இன்னொன்றுக்கா?

#24 பொருநைக்கரை

இன்னொன்றுக்கு. அதுதான் பழைய நம்பர், சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் இருப்பது அதுதான். டேட்டா சிம் நெட்டுக்கு மட்டும்.

#25 கயல்

பகை அம்மாவுக்கு இல்லை, உங்கள் இரண்டு சிம்முக்கும்தான்.

இரண்டு சிம் போன்கள் பெரும்பாலானவற்றில் சிம் இரண்டு, ஆனால் பேசுவதற்கு ரேடியோ ஒன்றுதான். சும்மா இருக்கும்போது இரண்டு சிம்மையும் மாறி மாறிக் கவனித்துக்கொள்ளும். ஒரு சிம்மில் அழைப்பு எடுத்துவிட்டால் ரேடியோ முழுக்க அந்தப் பக்கம் போய்விடும், மற்ற சிம்மின் டேட்டா நின்றுவிடும். போனில் வாட்ஸ்அப் இரண்டு நிமிடம் நின்றால் நாம் கவனிப்பதே இல்லை. பின்னால் லேப்டாப்பில் மீட்டிங் தொங்கும்போதுதான் தெரிகிறது. நீங்கள் எடுக்காமல் மணி அடித்துக்கொண்டிருந்தாலே சில போன்களில் டேட்டா தடுமாறும். முதல் பதிவில் "அரை நிமிடமோ இரண்டு நிமிடமோ" என்று எழுதியிருந்தீர்களே, எடுக்காத அழைப்பும் எடுத்த அழைப்புமாக இருந்திருக்கும்.

வழிகள் இருக்கின்றன. சிம் செட்டிங்ஸில் "அழைப்பின்போது டேட்டாவை மாற்று" என்ற மாதிரி ஒன்று தேடுங்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். ஐபோனில் அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங். அதை ஆன் செய்தால் பேசும் நேரத்துக்கு மட்டும் நெட் அந்த சிம்முக்கு மாறும். அந்த சிம்மிலும் வோல்ட்டியும் (4ஜி வழியாகவே குரல் அழைப்பு) கொஞ்சம் டேட்டாவும் இருக்க வேண்டும். ஆனால் மாறும்போது ஐபி முகவரி மாறுவதால் மீட்டிங் ஒருமுறை மூச்சுத் திணறும், விபிஎன் இருந்தால் அறுந்தேவிடும்.

அதைவிட நல்லது: மீட்டிங் நேரத்துக்கு மட்டும் பழைய நம்பருக்கு வரும் அழைப்புகளை டேட்டா சிம்முக்கு ஃபார்வர்டு செய்துவிடுங்கள். ஒரே சிம்மில் வோல்ட்டியில் பேசினால் நெட்டும் ஓடும், அம்மாவும் பேசலாம். டேட்டா சிம்மில் வோல்ட்டி ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். அது ஆஃப் ஆகியிருந்தால் அழைப்பு வரும்போது போன் 2ஜிக்கு இறங்கும், நெட் மறுபடி போய்விடும். (ஜியோவில் இந்தப் பேச்சே இல்லை, அவர்களிடம் 2ஜியே கிடையாது.)

#26 மோடம்மணி

கயலுக்கு ஒரு சல்யூட். டாங்கிள் வாங்கினாலும் இது தீரும்தான், அதில் யாரும் கூப்பிட முடியாதே. ஆனால் இதற்காகவா இன்னொரு சிம்மும் இன்னொரு ரீசார்ஜும்?

#27 தேன்கூடு

நான் என் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆபீஸ் விபிஎன் ஹாட்ஸ்பாட்டில் "கனெக்டட்" என்று பச்சை காட்டுகிறது, ஆனால் உள்ளே ஒரு பக்கமும் திறப்பதில்லை. வீட்டு வைஃபையில் எந்தப் பிரச்சினையும் இல்லை.

#28 மோடம்மணி

சின்ன விஷயங்கள் போய், பெரிய பக்கம் மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் எம்டியூ, அதாவது ஒரு பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. மொபைல் நெட்வொர்க்கில் உங்கள் பொட்டலத்தின் மேல் ஏற்கெனவே ஓர் உறை போடுகிறார்கள், விபிஎன் இன்னொரு உறை போடுகிறது. வழக்கமான 1500 பைட்டுக்குள் அடங்காமல் வழியில் விழுகிறது. விபிஎன் செட்டிங்ஸில் எம்டியூவை 1300 வாக்கில் குறைக்கச் சொல்லி உங்கள் ஐடி ஆட்களிடம் கேளுங்கள். நீங்களே கை வைக்க வேண்டாம், ஆபீஸ் லேப்டாப்.

இன்னொன்று, போனில் விபிஎன் போட்டிருக்கிறேன், அதனால் லேப்டாப்பும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வழக்கமாக ஹாட்ஸ்பாட் வழியே போவது போனின் விபிஎன்னுக்குள் போகாது. லேப்டாப்பில் தனியாகப் போட வேண்டும்.

#29 ரயில்சிநேகம்

சூடு பற்றி யாரும் முடிக்கவில்லை. ஐபோனுக்கு ஆப்பிளே சொல்லும் சுற்றுவெப்ப வரம்பு 0 முதல் 35 டிகிரி. மே மாதம் நம் ஊரில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். ஜன்னலோரம் போனை வைக்கச் சொன்னேன், ஆனால் வெயில் விழாத பக்கம். சார்ஜ், ஹாட்ஸ்பாட், பலவீனமான சிக்னல் மூன்றும் சேரும்போதுதான் சூடு உச்சம். டவர் தூரமாகப் போகப் போகப் போன் கத்திப் பேசும், பேட்டரி உருகும். கவரைக் கழற்றி வையுங்கள், 80 சதவீதம் வந்ததும் சார்ஜை எடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கிற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே ஈரம் கட்டும்.

#30 பொருநைக்கரை

ஃபார்வர்டு போட்டுத் திரும்பி வரும்போது பார்த்தேன். அம்மா கூப்பிட்டார், மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டுப் பேசினேன், பிங் ஓடிக்கொண்டே இருந்தது. விருத்தாசலம் பக்கம் கொஞ்ச நேரம் நெட்டே இல்லை, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 4ஜியில் பூட்டியதில் சூடும் தாங்கும்படி இருக்கிறது.

ஒரே ஒரு தொல்லை பாக்கி. கேபிளைக் கழற்றி மறுபடி சொருகும்போதெல்லாம் விண்டோஸ் புதிதாக "நெட்வொர்க் 4", "நெட்வொர்க் 5" என்று காட்டுகிறது. மீட்டர்டு பொத்தான் பழையபடி ஆஃப் ஆகிவிடுகிறது.

#31 வேப்பமரத்தடி

சில ஆண்ட்ராய்டுகள் ஒவ்வொரு முறை டெதரிங் போடும்போதும் புதிய மேக் முகவரியோடு (கருவியின் அடையாள எண், மேக்புக் அல்ல) வரும். விண்டோஸுக்கு அது புது ஆள். வைஃபையில் நீங்கள் போட்டு வைத்த மீட்டர்டும் ஈதர்நெட்டுக்கு வராது, இரண்டும் தனித்தனிக் கணக்கு.

கேபிளைக் கழற்றாமல் இருப்பது முதல் வழி. முடியாவிட்டால் ஒன்டிரைவ் ஐகானைச் சொடுக்கி, பாஸ் சிங்கிங்கில் 8 மணி நேரம் என்று கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் அப்டேட்டிலும் ஒரு வாரத்துக்கு பாஸ் போடுங்கள். இந்த இரண்டும் எந்த நெட்வொர்க்கில் இருந்தாலும் கேட்கும். வீட்டுக்கு வந்ததும் பாஸை நீக்கி, அப்டேட்டை மறக்காமல் இறக்கிவிடுங்கள்.

#32 அரைகுறை

என் டாங்கிளை யாராவது பாதி விலைக்கு வாங்கிக்கிறீங்களா?